வாசிக்க ஆளில்லாத நிரல்கள்: மென்பொருள் துறையின் காத்திருப்பும் அவசரமும்

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. அன்று அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர் பொது மின்னஞ்சல் குழு ஒன்றுக்கு ஓர் எச்சரிக்கையை அனுப்பினார். தனது சோதனைக் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழமையைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுப்பதை அவர் கவனித்திருந்தார். காரணத்தைத் தேடிப் போனபோது, எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் என்ற சிறிய மென்பொருளுக்குள் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். கோப்புகளைச் சுருக்குவதுதான் அந்த மென்பொருளின் வேலை. பெரும்பாலானோர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் உலகின் லினக்ஸ் சேவையகங்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது.

அந்தப் பின்கதவு இன்னும் சில மாதங்கள் கண்ணில் படாமல் இருந்திருந்தால், அதன் சாவியை வைத்திருந்தவர் உலகெங்குமுள்ள எண்ணற்ற சேவையகங்களுக்குள் தடையின்றி நுழைந்திருக்கலாம். பாதுகாப்புக் குறைபாடுகளின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இதற்கு 10க்கு 10 வழங்கப்பட்டது.

இந்தச் சம்பவம் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. உளவு அமைப்புகளின் கைவரிசையா என்ற கேள்விதான் அவற்றில் முன்னுக்கு நின்றது. நான் இங்கே பேச விரும்புவது அதைவிடச் சாதாரணமான ஒன்றை. அந்தச் சதி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் நாம் வந்து நிற்பது ஒரு முறைப்பாட்டில்: “நாங்கள் அனுப்பிய திருத்தங்களை ஏன் இன்னும் பார்க்கவில்லை?”

மீளாய்வு என்றால் என்ன?

மென்பொருள் குழுக்களில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்துப் பார்த்த பின்னரே அது பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்பது இன்று பரவலான நடைமுறை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இத்துறையில் இருப்பவர்கள் இதைக் ‘கோட் ரிவியூ’ என்றே சொல்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் நிரல் மீளாய்வு என்று குறிப்பிடுகிறேன்.

நான் நிரல் எழுதிப் பழகிய ஆளல்ல. ஊடகக் கற்கை படித்து, செய்தி எழுதிப் பிழைப்பு நடத்துகிற ஆள். ஆனாலும் இந்த நடைமுறை எனக்கு அந்நியமாகப் படவில்லை. செய்தி அறையிலும் நிருபர் எழுதியதை அப்படியே பிரசுரிப்பதில்லை. உதவி ஆசிரியர் ஒருவர் வாசிப்பார். பெயர் சரியா, எண் சரியா, யாரையாவது அநியாயமாகக் குற்றஞ்சாட்டுகிறோமா என்று பார்ப்பார். எழுதியவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதுதான் இரண்டு தொழில்களுக்கும் பொதுவான அனுபவம்.

இந்த நடைமுறை புதியதும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கல் பேகன் 1976இலேயே நிரல்களைக் குழுவாக அமர்ந்து முறைப்படி பரிசோதிக்கும் வழியை எழுதி வெளியிட்டார். அன்று அது கூட்டம் கூட்டி, அச்சிட்ட தாள்களை வைத்துக்கொண்டு செய்யும் வேலை. இன்று கிட்ஹப் போன்ற தளங்களில் ஒரு கோரிக்கையாகப் போய்ச் சேர்கிறது. அனுப்பியவர் காத்திருக்கிறார். மீளாய்வாளரோ தன் சொந்த வேலையில் மூழ்கியிருக்கிறார். சிக்கல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு தனி மனிதரும் ஒரு வரிசையும்

எக்ஸ்.இசட். யூட்டில்ஸைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின். ஊதியமில்லாமல், ஓய்வு நேரத்தில் செய்த வேலை. 2021இன் பிற்பகுதியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ள, ஒழுங்கான திருத்தங்கள். ஆனால் கொலினுக்கு நேரமில்லை, வரிசை நீண்டது.

2022இல் வேறு சில பெயர்களிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. திருத்தங்கள் கிடப்பில் கிடக்கின்றன, இந்த வேகத்தில் போனால் எதுவும் நகராது, புதிய பராமரிப்பாளர் வராமல் முன்னேற்றம் இல்லை என்பது அவற்றின் சாரம். அந்த ஆண்டு ஜூனில் கொலின் பதிலளித்தார். ஆர்வம் போய்விடவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்கள் உட்படப் பல காரணங்களால் முன்போல் கவனம் செலுத்த முடியவில்லை, இது ஊதியமற்ற பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள் என்றார். ஜியா டானுக்கு எதிர்காலத்தில் பெரிய பங்கு கிடைக்கலாம் என்பதையும் அதே காலத்தில் சுட்டிக்காட்டினார்.

அவ்வாறே நடந்தது. 2023இல் ஜியா டான் தானே திருத்தங்களைச் சேர்க்கும் அதிகாரத்தோடு இயங்கினார். 2024 பெப்ரவரியில் வெளியான பதிப்பில் பின்கதவு இருந்தது. ‘ஜியா டான்’ யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. முறைப்பாடு செய்த பெயர்களும் அதே சதியின் பகுதியாக உருவாக்கப்பட்ட போலிக் கணக்குகள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

ஒரு விவரத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெப்ரவரியில் ஜியா டான் செய்த மாற்றங்களில் ஒன்று, பாதுகாப்பு வேலி ஒன்றைச் செயலிழக்கச் செய்தது. அதற்கு அவர் பயன்படுத்தியது ஒரு வரியின் தொடக்கத்தில் இட்ட ஒற்றைப் புள்ளி. ஒரு முற்றுப்புள்ளியளவு எழுத்துப் பிழை போல அது தோன்றும். நிதானமாக வாசிக்கும் இரண்டாவது கண் இருந்தால் பிடிபட்டிருக்கக்கூடிய வகைப் பிழை அது. அந்த இரண்டாவது கண் அங்கே இருக்கவில்லை.

நியாயமாகச் சொல்வதானால், மீளாய்வு ஒன்றே அந்தச் சதியை முறியடித்திருக்கும் என்று வாதிட முடியாது. பின்கதவைத் திறக்கும் முக்கிய துணுக்கு களஞ்சியத்தில் இருக்கவேயில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் சதிகாரர்கள் தேர்ந்தெடுத்த வழி எது என்பது முக்கியம். அவர்கள் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. மீளாய்வுக்காகக் காத்திருக்கும் வரிசையை ஆயுதமாக்கினார்கள். தாமதத்துக்காகக் குற்ற உணர்வு கொண்டிருந்த ஒரு மனிதரை நெருக்கி, அந்த வேலையைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

தாமதம் அவசரத்தைப் பெறுகிறது

தாமதம் பாதுகாப்பானது, அவசரம்தான் ஆபத்தானது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். மென்பொருள் குழுக்களில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

ஒரு பொறியியலாளர் தன் நிரலை மீளாய்வுக்கு அனுப்புகிறார். இரண்டு நாட்களாகப் பதில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அடுத்த வேலையைத் தொடங்குகிறார். அது முதல் வேலையின் மேல் கட்டப்படுகிறது. மூன்றாவது நாள் மீளாய்வாளர் ஒரு கேள்வி கேட்கிறார். எழுதியவர் அந்த நிரலைப் பாதி மறந்துவிட்டார். இதற்கிடையில் மற்றவர்களின் மாற்றங்கள் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டன. தன்னுடையதை அவற்றோடு பொருத்த இன்னொரு அரைநாள் போகிறது.

இந்த அனுபவம் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது: ஒவ்வொரு தடவையும் இப்படிக் காத்திருக்க வேண்டுமென்றால், சிறிது சிறிதாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்புவதே மேல். அடுத்த முறை ஆயிரம் வரிகள் வருகின்றன. ஆயிரம் வரிகளைப் பார்த்த மீளாய்வாளர் அதை இன்னும் தள்ளிப்போடுகிறார். வெளியீட்டுத் திகதி நெருங்குகிறது. கடைசியில் மேலோட்டமாகப் பார்த்து “சரி” என்று ஒரு சொல்லில் அனுமதி. பத்து வரி நிரலுக்குப் பத்துக் குறைகள் வரும், ஐந்நூறு வரி நிரலுக்கு “நன்று” என்ற ஒரு சொல் வரும் என்பது இத்துறையில் பழகிப்போன பகடி. சிஸ்கோ நிறுவனத்தில் நடந்த மீளாய்வுகளை அடிப்படையாகக் கொண்டு 2006இல் வெளியான ஆய்வொன்றும், ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் பார்த்தால் பிழைகளைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்றது.

அனுமதி கிடைத்த நிரல் எல்லாம் வாசிக்கப்பட்ட நிரல் அல்ல என்பதற்கு 2014இன் ஹார்ட்பிளீட் நல்ல உதாரணம். இணையப் பாதுகாப்பின் தூண்களில் ஒன்றான ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்குள் அந்தப் பிழை சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்திய இரவு. ஒருவர் எழுதினார், இன்னொருவர் மீளாய்வு செய்தார். இருவர் கண்ணிலும் அது படவில்லை. 2014 ஏப்ரலில் வெளிவரும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இணையத்தளங்கள் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்ததாக அப்போது கணிக்கப்பட்டது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் தங்கியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேர ஊழியர் ஒருவர்.

பிழை வெளிவந்த பின்னர்தான் பணம் வந்தது. லினக்ஸ் பவுண்டேஷன், கூகுள், மைக்ரோசொப்ட், பேஸ்புக் போன்ற நிறுவனங்களைச் சேர்த்து ஒரு நிதியத்தை ஆரம்பித்தது. அதிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு இரண்டு முழுநேரப் பொறியியலாளர்களுக்கான நிதி ஒதுக்கப்பட்டது. எழுதுவதற்கு மட்டுமல்ல, வாசிப்பதற்கும் ஊதியம் தேவை என்பதை உலகம் அந்தளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, எக்ஸ்.இசட். யூட்டில்ஸில் அதே பாடம் மீண்டும் வந்தது.

இப்போது எழுதுவது இயந்திரம்

இந்தப் பழைய சிக்கல் இன்று செய்தியாவதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு. நிரல் எழுதும் வேகம் சில ஆண்டுகளில் பல மடங்கு கூடிவிட்டது. வாசிக்கும் மனிதரின் வேகம் அப்படிக் கூடவில்லை. முன்பு ஒரு நாள் எடுத்த நிரலை இப்போது ஒரு மணித்தியாலத்தில் உருவாக்கி அனுப்பலாம். ஆனால் அதைப் புரிந்துகொண்டு பொறுப்பேற்க வேண்டியவர் அதே மனிதர். அவருடைய நாளிலும் அதே எட்டு மணித்தியாலங்கள்.

கூகுளின் டோரா ஆய்வுக் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு கணிப்புகள் கவனிக்கத்தக்கவை. செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது நிரல் மீளாய்வின் வேகம் 3.1 சதவீதம் கூடுகிறது. அதேவேளை மென்பொருள் வெளியீட்டின் நிலைத்தன்மை 7.2 சதவீதம் குறைகிறது. ஒரே தடவையில் அனுப்பப்படும் மாற்றங்கள் பெரிதாகிவிடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் ஊகம். என் வாசிப்பில் இதன் பொருள் தெளிவு: மீளாய்வு விரைவாக முடிவதும் மீளாய்வு நன்றாக நடப்பதும் ஒன்றல்ல.

சுவீடனில் கேர்ள் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் டானியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்து இதைப் பகிரங்கமாக எழுதி வருகிறார். பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்லி இயந்திரம் எழுதிய அறிக்கைகள் வருகின்றன. பார்வைக்கு நேர்த்தியாக இருக்கின்றன. ஆராய்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அனுப்பியவருக்கு அதில் செலவு எதுவும் இல்லை. வாசிப்பவருக்குப் போவது பல மணித்தியாலங்கள்.

கொழும்பின் மாலையும் நியூயோர்க்கின் காலையும்

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இலங்கையின் மென்பொருள் துறையில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இயங்குகிறது. நேர வித்தியாசம் இந்தக் காத்திருப்பை இன்னும் கூர்மையாக்குகிறது.

கொழும்பில் மாலை 5 மணிக்கு ஒருவர் நிரலை அனுப்புகிறார். நியூயோர்க்கில் அப்போது கோடைகாலத்தில் காலை 7.30. அங்குள்ளவர் 10 மணிக்கு ஒரு சிறு கேள்வி கேட்கிறார். இங்கே இரவு 7.30, அலுவலகம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை இங்கிருந்து பதில் போகும்போது அங்கே நள்ளிரவை நெருங்குகிறது. ஒரு கேள்விக்கு ஒரு நாள். மூன்று கேள்விகளுக்கு மூன்று நாட்கள். இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் இங்குள்ளவர் இரவு பத்து மணிவரை விழித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இளம் பொறியியலாளர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்த விழிப்பு எந்த நேர அட்டவணையிலும் பதிவாவதில்லை.

இன்னொன்று, நமது பணியிடங்களின் படிநிலை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் மூத்தவரிடம் “அண்ணா, என்னுடையதைப் பார்த்தீர்களா?” என்று இரண்டாவது முறை கேட்கத் தயங்குகிறார். மூத்தவர் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை. அவருக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேரின் நிரல்கள் கிடக்கின்றன. ஆனால் மாத இறுதியில் ‘வேலை முடிக்கவில்லை’ என்ற பதிவு வருவது புதியவரின் பெயரில். மூத்தவர் ஒரு வாரத்தில் இருபது நிரல்களை நிதானமாக வாசித்தார் என்பதற்கோ எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. இந்த அமைப்பில் இருவருமே நட்டப்படுகிறார்கள்.

இலங்கைக்கு இதில் நல்ல மரபும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின்னர் இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பின்னர் பல நாடுகளில் பயன்பட்டது. கூகுள் நடத்தும் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில், மொரட்டுவைப் பல்கலைக்கழகம் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக இருந்தது. அந்தத் திட்டத்தின் மையமே, முன்பின் அறியாத ஒரு மூத்தவர் மாணவரின் நிரலை வாசித்துப் பதில் எழுதுவதுதான். மைக்ரோசொப்டில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, மீளாய்வின் பயன் பிழை பிடிப்பதைவிட அறிவு கைமாறுவதிலேயே அதிகம் தெரிகிறது என்றது. நம் மாணவர்கள் அதன் நேரடிப் பயனாளிகள்.

என்ன செய்யலாம்?

தீர்வுகள் தெரியாமல் இல்லை. கூகுள் தனது பொறியியலாளர்களுக்கான மீளாய்வு வழிகாட்டியைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. மீளாய்வுக் கோரிக்கைக்கு அதிகபட்சம் ஒரு வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதேவேளை, கவனம் குவித்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதை முறித்துக்கொண்டு மீளாய்வுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்கிறது. மதிய உணவு, கூட்டம் போன்ற இயல்பான இடைவெளிகளில் பாருங்கள். நூறு வரிகள் பெரும்பாலும் நியாயமான அளவு, ஆயிரம் வரிகள் பெரும்பாலும் மிகைஅளவு. முழு அனுமதி தர முடியாவிட்டாலும் “நாளை காலை பார்க்கிறேன்” என்று ஒரு வரி எழுதினால், காத்திருப்பவர் தன் நாளைத் திட்டமிட முடியும்.

நான் பேசிய பொறியியலாளர்கள் சொன்னவற்றையும் சேர்க்கலாம். கோரிக்கையை முழுக் குழுவுக்கும் அனுப்பாமல் ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புவது. எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவரும் பார்ப்பதில்லை. இடைவெளி, பெயரிடல் போன்றவற்றை இயந்திரத்தின் சோதனைக்கு விட்டுவிட்டு மனிதர் பொருளைப் பார்ப்பது. மீளாய்வுப் பொறுப்பைச் சுழற்சி முறையில் பகிர்வது. முதல் மீளாய்வாளராக அதே நேர வலயத்தில் இருப்பவரை வைப்பது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை உண்டு. வாசிப்பது வேலை என்று நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வேலைக்கு ஐந்து நாட்கள் என்று மதிப்பிடும்போது அதில் மீளாய்வுக்கான நேரம் எவ்வளவு என்று எழுத வேண்டும். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் அது இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் எந்த வழிகாட்டியும் சுவரில் ஒட்டிய தாளாகத்தான் இருக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியது

இது நிறுவனங்களுக்குள் முடிகிற விடயம் அல்ல. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே தொடங்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சும் தொடர்கிறது. நமது பணமும் கைரேகையும் பெயரும் மென்பொருளுக்குள் போகின்றன. ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஏற்படும் சிறு பிழைக்காகவே அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கடதாசியில் ஓர் எழுத்தர் செய்த பிழை ஒருவரைத்தான் அலைக்கழித்தது. நிரலில் வரும் பிழை அப்படி ஒருவரோடு நிற்காது.

2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணிமை மீது நடந்த கப்பத் தாக்குதலில், ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் பறிபோயின. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனதாக அதிகாரிகளே கூறினர். அது நிரல் மீளாய்வில் ஏற்பட்ட தவறு அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பு வேலைக்குப் பணமும் ஆளும் ஒதுக்காமல் விடுவது என்ற பழக்கம் இரண்டுக்கும் ஒன்றே.

எனவே புதிய டிஜிட்டல் திட்டமொன்று அறிவிக்கப்படும்போது, எத்தனை கோடி ரூபா, எப்போது திறப்பு விழா என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊடகங்களும் பாராளுமன்றமும் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். இந்த நிரலை எழுதாத யாராவது அதை வாசித்தார்களா? அவர்களுக்கு எத்தனை நாட்கள் கொடுக்கப்பட்டன? குறை கண்டால் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருந்ததா? கேள்விப்பத்திர ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கு ஒரு நிரையும் ஒரு தொகையும் இருக்கிறதா?

2024இல் உலகம் தப்பியது அரை விநாடித் தாமதத்தை அலட்சியம் செய்யாத ஒருவரால். அதைத் தேடிப் பார்க்கும்படி அவரை யாரும் பணித்திருக்கவில்லை. அடுத்த முறையும் அப்படி ஒருவர் தற்செயலாகக் கவனிப்பார் என்று நம்பி, நமது அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்க முடியாது.